ஒரு கரண்டி உறைமோர்

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிற ஒரு பெண்ணுக்குக் காலையில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்திருக்கிறது. மத்தியானம் நெருங்கியும் அது நிற்கவில்லை. டாக்டர் கிரேஸ் ஃபோனில் இதைச் சொன்னதும், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். மருந்துகளின் பக்கவிளைவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் திருச்சி மண்டலத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஒரு மருந்து சாப்பிட்டு யாருக்காவது தடிப்பு வந்தாலும் தலை சுற்றினாலும் மருத்துவமனைகள் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். சொல்கிறவர்களிடம் மருந்தின் பெயரைக் கேட்டால், "வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு" என்று பதில் வரும். இந்த வேலைக்கு வந்து எனக்குப் பொறுமை போய்விட்டது, வாய் மட்டும்தான் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எந்த மாத்திரையும் இல்லை என்றார் கிரேஸ். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையே வாந்தி வருகிறது என்று நிறுத்திவிட்டாளாம். ஆனால் ரத்தம் உறைவதைச் சோதித்தால் எண் ஐந்தைத் தாண்டுகிறது. அந்த எண் எல்லோருக்கும் ஒன்றில்தான் இருக்கும். இதய வால்வு மாற்றியவர்களுக்கு, வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, மருந்து கொடுத்து வேண்டுமென்றே இரண்டரை, மூன்று வரை ஏற்றி வைப்பார்கள். ஐந்து என்றால் உடம்பில் எங்கே வேண்டுமானாலும், எதுவும் படாமலே ரத்தம் கசியலாம். ஒரு மருந்தும் சாப்பிடாத இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அப்படி வர வழியே இல்லை.

கிரேஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எலி மருந்தா இருக்குமோன்னு பயமா இருக்கு, சுடர்க்கொடி" என்றார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. எலி மருந்தும், ரத்தத்தை இளக்கும் அந்தக் காலத்து மாத்திரையும் பங்காளிகள். எலியும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்துதான் சாகிறது. மருத்துவமனைக்குப் போலீஸ் வந்தாயிற்று என்றும், புருஷன் அப்பாஸை வெளியே உட்கார வைத்து விசாரிக்கிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் நஸ்ரின்.

முகவரியைக் கேட்டு என் திரையில் தட்டினேன். பொன்னி அடுக்ககம். அதே கட்டடத்திலிருந்து இந்த மாதத்தில் இன்னும் இரண்டு தகவல் வந்து, யாரும் பார்க்காமல் கிடந்தன. ஒரு பையனுக்குப் பால் பல் விழுந்து ராத்திரி முழுக்கத் தலையணை நனைந்திருக்கிறது. ஒருவருக்குச் சவரம் செய்யும்போது கீறியது தையல் போடுகிற அளவுக்குப் போயிருக்கிறது. வேறு வேறு மருத்துவமனை, வேறு வேறு டாக்டர். அவரவர் வாய்க்கு வந்த காரணத்தை எழுதி அனுப்பியிருந்தார்கள். பெண்டாட்டிக்கு விஷம் வைக்கிறவன் எதிர்வீட்டுப் பையனுக்கும் சேர்த்து வைப்பானா? அப்படியானால் தண்ணீர்த் தொட்டி என்று தோன்றியது. அடுக்ககத்துச் சங்கச் செயலாளருக்கு ஃபோன் போட்டு, உடனே தொட்டியை மூடுங்கள் என்றேன். அவர் யாருடைய உத்தரவு என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் தொட்டியை மூடிவிட்டார்.

ஆளில்லா ஆட்டோ ஒன்றைப் பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். சின்ன மருத்துவமனை, ஒரே ஒரு ஆபரேஷன் அறை. வாசல் பெஞ்சில் அப்பாஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஏட்டு சிங்காரவேலு, பிடித்த மீன் நழுவாமல் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தார். நான் அப்பாஸின் கையைப் பிடித்து, கேட்காமலே விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, அந்த எண்ணைக் காட்டும் கைக்கருவியில் வைத்தேன். மூன்றரை காட்டியது. விஷம் வைக்கிறவன் தானும் சேர்ந்து சாப்பிடமாட்டான் என்று ஏட்டிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அப்பாஸுக்கு நான் சொன்னது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், தன்னை விட்டுவிட்டார்கள் என்ற நிம்மதியே அவன் முகத்தில் இல்லை. "அப்ப அவளுக்கு என்ன மேடம் ஆச்சு?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் இந்த வேலையில் அடக்கம், ஆனால் அன்று அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

நஸ்ரின் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வாயில் பஞ்சு. கை முழுக்க ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தவள் போல. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மாத்திரை, கஷாயம், சூரணம், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய எதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்றும் வயிற்றில் தங்குவதில்லையாம். நெஞ்செரிச்சல். மூன்று வேளையும் தயிர்சாதம், நடுவில் மோர், அதுதான் ரெண்டு மாதமாக. கீழ்வீட்டு அக்கா கொடுத்த உறையில் தயிர் அவ்வளவு நன்றாக வருகிறதாம். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், மூளையில் வாங்கவில்லை. என் மனசு தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தது.

அப்போதுதான் அந்தக் கீழ்வீட்டு அக்கா வந்தார். பெயர் வத்சலா. அறுபது வயது இருக்கும். கையில் டிபன் கேரியர். நஸ்ரினைப் பார்த்ததும் கண் கலங்கி, ஒரு வாயாவது சாப்பிடு கண்ணு, குளிரக் குளிரத் தயிர்சாதம் கொண்டு வந்திருக்கிறேன் என்று மூடியைத் திறந்தார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்காரர் குருமூர்த்தி. அவர் கழுத்தில் ஒரு நீல அட்டை தொங்கியது.

அந்த அட்டையை நான் தினமும் பார்க்கிறேன். 'நீர்மை' சாப்பிடுகிறவர்கள் அதைக் கழற்றவே கூடாது. எங்கேயாவது விழுந்து அடிபட்டால், இவர் ரத்தம் சுலபத்தில் உறையாது என்று பார்க்கிற டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நீர்மை ஒரு தயிர். ரத்தத்தை இளக்குகிற மாத்திரையோடு நம் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டு மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வார்கள். முருங்கைக்கீரையை வழித்துத் தின்று மருந்தை ஒன்றுமில்லாமல் செய்வார்கள். மூட்டுவலி என்று கடையில் நாலு மாத்திரை 'செட்' வாங்கிப் போட்டு வயிற்றுக்குள் ரத்தம் கசிய மயங்கி விழுவார்கள். அதனால், ரத்தத்தை இளக்கும் மருந்தைத் தானே சுரக்கிற ஒரு பாக்டீரியாவை உண்டாக்கி, அதைத் தயிராக்கிக் கோப்பையில் கொடுத்தார்கள். தினமும் ஒரு கோப்பை. குடலில் சில நாள் இருந்து மருந்தைச் சுரந்துவிட்டுச் செத்துப்போகும். மாத்திரையை மறக்கிறவர் உண்டு, தயிரை மறக்கிறவர் நம் ஊரில் யார்? நானும் அதைக் கைதட்டி வரவேற்றவள்தான்.

கேரியரையும் நீல அட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன். "அம்மா, இந்தத் தயிருக்கு உறை எதுல ஊத்தினீங்க?" என்றேன்.

வத்சலா முதலில் பெருமையாகத்தான் சொன்னார். கோடையில் அவர் வீட்டுத் தயிர் புளித்துப் புளித்துப் போயிருக்கிறது. இவருடைய கோப்பையிலோ தயிர் கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலக் கெட்டியாக இருந்திருக்கிறது. இவர் சாப்பிட்டு வைத்த கோப்பையின் அடியில் எப்போதும் ஒரு கரண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். வீணாக்குவானேன் என்று அதைத் தன் பழைய உறைமோரோடு கலந்து பாலில் விட்டிருக்கிறார். மறுநாள் அந்த மாதிரித் தயிரை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. கேள்விப்பட்டு ஒவ்வொரு வீடாகக் கிண்ணத்தோடு வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரு கரண்டி. அவர்கள் வீட்டில் அதிலிருந்து தினமும் அடுத்த நாளுக்கு. சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

மருத்துவமனை மருந்தகத்தில் நீர்மைக் கோப்பைகளைச் சோதிக்கிற காகிதப் பட்டை இருந்தது. கேரியர் தயிரில் ஒன்றை நனைத்தேன். நீலமாக மாறிற்று. கோப்பையில் இருப்பதைவிட அழுத்தமான நீலம்.

நீர்மையைச் செய்த நிறுவனத்தில் நீலமேகம் என்ற விஞ்ஞானியை எனக்குத் தெரியும். ஃபோனில் பிடித்தேன். நடக்கவே நடக்காது என்றார். அந்தப் பாக்டீரியாவுக்குப் பசியாற ஒரு தனிச் சர்க்கரை வேண்டும், அது கோப்பையில் மட்டும்தான் கலந்திருக்கிறது, வெளியே பாலில் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றார். சோதனையெல்லாம் எங்கே செய்தீர்கள் என்று கேட்டேன். மாணவர் விடுதிகளில், முதியோர் இல்லங்களில் என்றார்.

"அங்க எவனாவது பாலைக் காய்ச்சி உறை ஊத்துவானா சார்?"

அவர், தனியாக ஊற்றினார்களா, வீட்டுத் தயிரோடு கலந்து ஊற்றினார்களா என்று மெதுவாகக் கேட்டார். கலந்துதான் என்றேன். அப்படியானால் அந்தப் பழைய தயிரில் இருக்கிற ஏதோ ஒன்று இதற்குச் சோறு போட்டு வளர்க்கிறது, இரண்டும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன என்றார். அவர் குரலில் பயத்தோடு ஒரு ஆர்வமும் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடலில் இருக்கிற இந்தச் சனியனைக் கொல்ல மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பெங்களூரிலிருந்து டிரோனில் அனுப்புகிறேன், சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றார்.

சாயங்காலம் வரை காத்திருக்க முடிந்தால் பிரச்சினையே இல்லை. வைட்டமின் கே ஊசியை கிரேஸ் அப்போதே போட்டுவிட்டார். அதுவும் வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் நஸ்ரினின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். விரிப்பில் ரத்தம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிய ஆரம்பித்துவிட்டது என்றார் கிரேஸ். வயிற்றைக் கிழிக்காவிட்டால் முதலில் குழந்தை போகும், பின்னாடியே அவளும். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு கிழித்தால் மேஜையிலேயே வடிந்து போய்விடுவாள்.

"பிளாஸ்மா வேணும். ரத்தத்துல இருக்கிற மஞ்சள் தண்ணி. உறைய வைக்கிற சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. எங்ககிட்ட ரெண்டு பைதான் இருந்துச்சு, ஏத்திட்டேன். பத்தலை."

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டாயிற்றாம். விடியற்காலையில் பைபாஸில் ஒரு பஸ் கவிழ்ந்து அங்கே இருப்பு காலி. நஸ்ரினுடையது ஓ வகை ரத்தம், அதனால் யாருடைய பிளாஸ்மாவும் அவளுக்குச் சேரும், அது ஒன்றுதான் நல்ல செய்தி. ஆளைப் படுக்க வைத்துப் பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுக்கிற இயந்திரம் இரண்டு அங்கே இருந்தது. குறைந்தது நாலு பேர் வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன். சின்ன வயதில் எனக்கு வந்த மஞ்சள்காமாலையைக் காரணம் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். நர்ஸ்களில் ஒருத்திக்கு உடம்பில் ரத்தமே இல்லை, இன்னொருத்தி படுத்தாள். இரண்டாவது படுக்கையில், யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏட்டு சிங்காரவேலு ஏறிப் படுத்தார். காலையிலிருந்து அந்தப் பையனைப் படுத்தி எடுத்துவிட்டோமே என்று முணுமுணுத்தார்.

இன்னும் இரண்டு பேர். அப்பாஸின் சொந்தபந்தமெல்லாம் கீழக்கரையில். அவன் அடுக்ககத்துக்குத்தான் ஃபோன் போட்டான். போட்ட கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை வராந்தா நிறைந்துவிட்டது. சமையலைப் பாதியில் விட்டு வந்தவர், ஆபீஸிலிருந்து நேராக வந்தவர், கல்லூரிப் பெண், என்னிடம் உத்தரவு கேட்ட சங்கச் செயலாளர். நம்ம நஸ்ரின், நம்ம பொண்ணு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள் என்றார்கள். ஆனால் கருவியைக் கையில் எடுக்கும்போதே, நான் எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு விரலாகக் குத்தினேன். இரண்டே முக்கால். மூன்று. மூன்றரை. கல்லூரிப் பெண்ணுக்கு மட்டும், எடை கூடுகிறது என்று தயிரைக் குறைத்திருந்ததால், இரண்டு. அதுவும் உதவாது. செயலாளருக்கு நாலு. அவர் மெல்ல என் காதருகே வந்து, மூன்று நாளாக மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது, அது எதாவது முக்கியமா என்று கேட்டார். முழங்கால் வலிக்குக் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். முக்கியமாவது ஒன்றாவது, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது ஐயா என்று அவரையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்தோம்.

அத்தனை பேரும் அவளைக் காப்பாற்றத்தான் ஓடிவந்திருந்தார்கள். அத்தனை பேர் உடம்பிலும் அவளைக் கொல்கிற அதே சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைத் தள்ளத் தள்ள, ஏன் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டார்கள். தயிர் என்றேன். தயிர் என்னம்மா செய்யும், உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்றார் ஒருவர். வத்சலா சுவரோரமாக வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். குருமூர்த்தி நீல அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னோட வியாதிதானேம்மா எல்லாத்துக்கும் காரணம்" என்றார். இல்லை சார், வீட்டுத் தயிரை மட்டும் நிறுத்துங்கள், கோப்பையை நிறுத்திவிடாதீர்கள், உங்களுக்கு அது இல்லாவிட்டால் மாற்றி வைத்த வால்வு அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

உள்ளே இருந்து கிரேஸ் எட்டிப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. குழந்தையின் நாடி இறங்குகிறது, நர்ஸ் பையும் ஏட்டு பையும் ஏறியதும் ஆரம்பிக்கப் போகிறேன், முக்கால் மணிக்குள் இன்னும் இரண்டு பை வந்தால்தான் அவள் திரும்பி வருவாள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாஸ் அந்தக் கதவைப் பார்த்தபடி சுவரோடு சுவராக வழிந்து உட்கார்ந்தான்.

நான் வத்சலாவின் தோளைப் பிடித்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் பிடித்துவிட்டேன்.

"உங்க கட்டடத்துல இந்தத் தயிர் போகாத வீடு எது? ஒரு வீடாவது இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை அவருக்கு. பதில் முகத்தில் இருந்தது, வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்கள். மறுபடியும் கேட்டேன்.

"பதினொண்ணாம் நம்பர். மூணாவது மாடி. பிரேமாவதின்னு... டீச்சர்."

"அவங்க தயிர் சாப்பிட மாட்டாங்களா?"

"சாப்பிடுவாங்க. கடையில வாங்கிப்பாங்க போல. நம்மகிட்ட அவங்க வாங்கிப் பழக்கமில்ல."

அந்த 'நம்மகிட்ட' என்ற சொல் எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் பிறந்தவளுக்குப் புரியாமலிருக்குமா? அதை அப்போது கையில் எடுத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவரிடமும் அவர் நம்பர் இல்லை. அப்பாஸிடம்தான் இருந்தது. நஸ்ரினுக்குக் கர்ப்பிணிகள் படிக்கிற ஏதோ புத்தகம் தருவதற்காக அவர் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

பிரேமாவதி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. விஷயத்தை நான் ஒரே மூச்சில் சொன்னேன். தயிர், மருந்து, கட்டடம் முழுக்க, உங்கள் வீட்டைத் தவிர. மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டைத் தவிர" என்றார் பிரேமாவதி. "இன்னைக்குத்தான் எங்க வீடு ஒண்ணு இருக்குன்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சாக்கும்."

ஆமாம் என்றேன். பொய் சொல்லிச் சமாதானப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, பாவம். வர்றேன். எங்க வீட்டுக்காரரும் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்லதான் தூங்குறாரு, எழுப்பி வரச் சொல்றேன்" என்றார்.

அவர் வராந்தாவில் நுழைந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. இவ்வளவு மரியாதையாக அவருக்கு அந்தக் கட்டடத்துப் படிக்கட்டில் யாரும் வழிவிட்டிருக்கமாட்டார்கள். சுண்ணாம்புத்தூள் ஒட்டிய கையை நீட்டினார். குத்தினேன். கருவி யோசிக்கிற அந்த நேரத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்று.

பின்னாலேயே லுங்கியை மாற்றாமல் ஓடிவந்த அவருடைய கணவருக்கும் ஒன்று. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிற வாட்டசாட்டமான மனிதர், எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று படுத்த உடனே மறுபடியும் தூங்கிவிட்டார். அதற்குள் நர்ஸுடைய பையும் ஏட்டுடைய பையும் உள்ளே போயிருந்தன. இயந்திரம் சுற்றிச் சுற்றி மஞ்சள் தண்ணீரைப் பிரிக்க, நான் பையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. முதல் பை நிறைந்ததும் நானே கையில் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

குழந்தையின் அழுகையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. அப்பாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். இரண்டாவது பையும் உள்ளே போயிற்று. பிறகு, பூனைக்குட்டி கத்துகிற அளவுக்கு ஒரு சத்தம் கேட்டது. பெண் குழந்தை, அதற்கும் ஊசி போட்டாயிற்று என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வத்சலா தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை.

கிரேஸ் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். கசிவு நின்றுவிட்டது, எண் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது, பிழைத்துவிட்டாள் என்றார். அப்பாஸ் அவர் காலில் விழப் போனான். என் காலில் விழாதே, அந்த அறையில் படுத்திருக்கிறார்கள் பார், அங்கே போ என்று பிளாஸ்மா எடுத்த அறையைக் காட்டினார்.

அதற்குள் வீடு வீடாகத் தயிர்ப் பாத்திரங்களை எடுத்துவந்து ஒப்படைக்க ஆள் அனுப்பியிருந்தேன். டிரோனும் வந்திறங்கியது. எல்லோருக்கும் அந்த மருந்து, எல்லோருக்கும் சோதனை. சோதனை எண்கள் எல்லாம் நேராக நீலமேகத்தின் திரைக்கும் போய்க்கொண்டிருந்தன. நான் பிரேமாவதி இருந்த அறைக்குள் போனபோது அவர் முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். வத்சலா எனக்கு முன்பே வந்து அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். புடவை ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். பிரேமாவதியும் அவருக்கு எதையும் சுலபமாக்கிக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்போது நீலமேகம் கூப்பிட்டார். குரலில் ஒரே பரபரப்பு. கட்டடம் முழுக்கப் பரவியிருக்கிறது, பதினொன்றாம் எண் வீட்டில் மட்டும் இரண்டு பேருக்கும் சுத்தமாக ஒன்று, எப்படி என்று கேட்டார். ஒரே கட்டடம், ஒரே தண்ணீர், ஒரே படிக்கட்டு. அங்கே எதுவோ ஒன்று இதை உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது, அது என்னவென்று தெரிந்தால் அடுத்த நீர்மையில் அதையே சேர்த்துவிடலாம், அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

எனக்கு விடை தெரியும். ஆனால் அதைச் சொல்ல நான் யார்? ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு, பிரேமாவதியின் முன்னால் மேஜையில் வைத்தேன். அவர் பழச்சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார்.

"தடுப்பெல்லாம் ஒண்ணுமில்ல சார். நாங்க குடிவந்த புதுசுல ஒருநாள் கீழ்வீட்டுல ஒரு கரண்டி உறைமோர் கேட்டேன். விளக்கு வச்சப்புறம் தயிரு, மோரு வெளிய கொடுக்கிற பழக்கமில்லம்மான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் கேக்கல."

"ஓ, சாயங்காலத்துக்கு மேல கொடுக்க மாட்டாங்களா?" என்றார் நீலமேகம். அவர் எதையோ குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. "நீங்க எத்தனை மணிக்குக் கேட்டீங்க?"

பிரேமாவதி வத்சலாவை நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில பத்து மணிக்கு சார்" என்றார்.